வலிக்காத புண்

குர்ஆன் ஓதக் கற்றுக்கொடுக்கும் எங்களைப் போன்றோர் பிறருடைய வாயைப் பார்த்தே காலம் கழிப்பவர்கள் என்றால் அது மிகையாகாது. ஓர் எழுத்து தொண்டையின் அடியிலிருந்து எழவேண்டும். இன்னோர் எழுத்து, நுனிநாக்கு மேல்முன்பற்களின் விளிம்பைத் தொடும்போது பிறக்கவேண்டும். ‘ளாத்’ என்னும் எழுத்துக்கோ நாவின் பக்கவாட்டு ஓரம் மேல்கடைவாய்ப் பற்களோடு நன்கு படியவேண்டும். எழுத்துகள் பிறக்கும் இவ்விடங்களை ‘மக்ரஜ்’ என்கிறோம். காதால் கேட்பதோடு நின்றுவிடாமல் கண்ணாலும் பார்த்தே நாங்கள் பிழை திருத்துகிறோம். கல்லூரியில் நான் பட்டம் பெற்றது வரலாற்றுப் பாடத்தில். உடற்கூறு பற்றி அங்கே ஒரு வரியும் படித்ததில்லை. ஆயினும் பெண்கள் மத்ரஸாவில் இருபதாண்டுகளாகத் தஜ்வீத் வகுப்பு நடத்தியதில், ஒருவருடைய நாக்கு எப்படி அசைகிறது என்பதை அவருடைய முகத்தைப் போலவே நினைவில் வைத்துக்கொள்ளும் பழக்கம் எனக்கு வந்துவிட்டது.

சிறுமிகளுக்கான வகுப்புகள் தவிர, லுஹர் தொழுகைக்குப் பின் மூத்த பெண்களுக்கென்று ஒரு வகுப்பு நடைபெறுகிறது. சிறுவயதில் முறையாக ஓத வாய்ப்பில்லாமல் போனவர்கள், பேரன் பேத்தி கண்ட பிறகு எழுத்துக் கூட்டி ஓத வருகிறார்கள். எங்கள் ஊர் காவிரிப் படுகையில் இருக்கிறது. வெற்றிலைக் கொடிக்காலுக்கு நடந்தே போய்விடலாம். ஆகவே அவ்வகுப்பிலுள்ள பதினான்கு பேரில் ஒன்பது பேருக்கு வெற்றிலைப் பழக்கம் உண்டு என்பதில் வியப்பில்லை. வாசலிலேயே துப்பிவிட்டு, வாய் கொப்பளித்து, ஒளூச் செய்துகொண்டுதான் உள்ளே வருவார்கள். ஓதும் வாய் சுத்தமாக இருக்கவேண்டும் என்பதில் அவர்கள் காட்டும் கண்டிப்பை இளையவர்களிடம்கூட நான் கண்டதில்லை.

இவர்களுள் ஒருவர் ஐம்பத்தெட்டு வயதானவர். வகுப்பில் எல்லோருக்கும் அவர் ‘ராத்தா’தான். ‘ளாத்’ எழுத்தை நாவின் இடப்புற ஓரத்திலிருந்தும் உச்சரிக்கலாம், வலப்புற ஓரத்திலிருந்தும் உச்சரிக்கலாம். இடப்புறமே பெரும்பாலோருக்கு எளிது, வலப்புறம் கடினம் என்று தஜ்வீத் நூல்கள் கூறும். ராத்தா இடப்புறத்திலிருந்து மிக அழகாக உச்சரித்து வந்தவர். 2023-ஆம் ஆண்டு ஐப்பசி மழை நாள்களில் அவருடைய ‘ளாத்’ தடுமாறத் தொடங்கியது. கவனித்துப் பார்த்தேன். எளிய பக்கத்தை விட்டுவிட்டுக் கடினமான பக்கத்துக்கு நாக்கை மாற்றியிருந்தார். அதை அவரே உணர்ந்து செய்ததாகத் தெரியவில்லை.

“வயசான நாக்கு, ஆலிமா. வளைய மாட்டேங்குது” என்று சிரித்தார்.

“இடது பக்கம் பல் ஏதும் குத்துதா ராத்தா?”

“குத்தவும் இல்லை, வலிக்கவும் இல்லை. மிளகாய்க் காரம் பட்டா மட்டும் லேசா எரியும். ரெண்டு மாசமா அப்படித்தான் இருக்கு.”

வலிக்கவில்லை என்று அவர் சொன்னதுதான் எனக்குக் கலக்கத்தை உண்டாக்கியது. ஜன்னலோரம் அழைத்துச் சென்று நாக்கை நீட்டச் சொன்னேன். இடப்புற ஓரத்தில், சற்றுப் பின்பக்கமாக, பட்டாணி அளவில் ஒரு வெண்திட்டு. அதன் நடுவே வெல்வெட்டுத் துணியைப் போன்று ஒரு சிவப்பு. அவ்வளவே.

வலி இருந்தால் அல்லவா கலங்கவேண்டும் என்று வாசகர்கள் கேட்கலாம். அதற்கு விடை சொல்ல, எங்கள் குடும்பத்தில் 2011-ஆம் ஆண்டு நிகழ்ந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

என் கணவரின் பெரியம்மாவைச் செல்லம் இல்லாமல் யாரும் பார்த்ததில்லை. பித்தளைச் செல்லம், பாக்குவெட்டி, சுண்ணாம்புக் கரண்டகம், நறுக்கிய புகையிலை ஆகிய இவை அவருடைய கையெட்டும் தூரத்தில் எப்போதும் இருக்கும். இரவில் இடக் கன்னத்தில் ஒரு வாய் வெற்றிலையை அடக்கிக்கொண்டுதான் உறங்குவார். அந்தக் கன்னத்தின் உட்புறம் வெளுத்திருப்பதை அவரே ஒருநாள் கண்டார். “சுண்ணாம்பு கூடிப்போச்சு, வாய் வெந்திருக்கு” என்று அதற்கு ஒரு காரணமும் கண்டுபிடித்தார். வெற்றிலை போடும் எல்லோரும் சொல்லும் காரணம் அது. மருந்துக் கடையில் வாய்ப்புண் களிம்பு வந்தது. பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை வந்தது. சில மாதங்களில் கீழ்க்கடைவாய்ப் பல் ஒன்று ஆடியது, பிடுங்கினார்கள். பிடுங்கிய குழி இரண்டு மாதமாகியும் ஆறவில்லை. வாய் முன்போல் அகலத் திறக்கவில்லை. தாடைக்குக் கீழே கல் போல் ஒரு கட்டி தென்பட்டது. இத்தனைக்கும் நடுவே அவர் இரண்டு பிரசவங்களுக்கும் ஒரு நிக்காஹுக்கும் ஓடியாடி வேலை பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஏனென்றால் சொல்லும்படியான வலி இல்லை. பிறகு ஓர் இரவில் காதுக்குள் குத்தல் எடுத்தது. காது வலி என்றுதான் மருத்துவமனைக்கே சென்றார்கள். நோய் தாடை எலும்புக்குள் புகுந்து, கழுத்துக் கணுக்களிலும் பரவி, நான்காம் நிலையை எட்டியிருந்தது.

அறுவை செய்தார்கள், கதிர்வீச்சுக் கொடுத்தார்கள். மூக்கு வழியே செலுத்திய குழாயில்தான் கஞ்சி இறங்கியது. பேச்சு யாருக்கும் விளங்கவில்லை. சிலேட்டில் எழுதிக் காட்டினார். எங்கள் குடும்பத்தில் பிறந்த எல்லாப் பிள்ளைகளுக்கும் தொட்டிலில் தாலாட்டுப் பாடியவர் அவர். அந்த ஆண்டு பிறந்த என் மகளின் தொட்டிலருகே வந்து உட்கார்ந்தார்; கயிற்றை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தார். பத்து மாதங்களில் வஃபாத்தானார்கள்.

அவருக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர்களில் ஒருவர், மருத்துவமனை நடையில் நின்றுகொண்டு எனக்குப் பொறுமையாக விளக்கிய செய்தி இன்றும் நினைவிலிருக்கிறது. சாதாரண வாய்ப்புண் முதல் நாளிலிருந்தே வலிக்கும். பத்துப் பன்னிரண்டு நாள்களில் ஆறிவிடும். புற்றாக மாறும் புண்ணோ தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை, ஆறுவதுமில்லை. அது நரம்பைத் தொட்ட பிறகே வலி பிறக்கிறது. நாவுக்கும் தாடைக்கும் காதுக்கும் நரம்பு வழித் தொடர்பு இருப்பதால், வாயிலுள்ள நோய் காதில் வலியாகத் தெரிவதும் உண்டு. ஆகவே இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத எந்தப் புண்ணையும், வெண்திட்டையும், செந்திட்டையும், அது வலித்தாலும் வலிக்காவிட்டாலும், மருத்துவர் கண்ணால் பார்த்தே ஆகவேண்டும் என்றார். வெள்ளையைவிடச் சிவப்பு ஆபத்தானது என்பதையும் அவர்தான் சொன்னார். வெண்திட்டை லூக்கோபிளாக்கியா என்றும் செந்திட்டை எரித்ரோபிளாக்கியா என்றும் மருத்துவத்தில் அழைக்கிறார்கள். வெண்திட்டுகளில் பெரும்பாலானவை புற்றாவதில்லை. ஆனால் எது ஆகும், எது ஆகாது என்பதை நாம் பார்த்துச் சொல்ல முடியாது.

இந்நோய் நம் நாட்டில் எவ்வளவு பரவியுள்ளது என்பதற்கு ஓர் அளவு சொல்கிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2022-ஆம் ஆண்டுக்குக் கணித்தபடி, இந்தியாவில் அவ்வோராண்டில் மட்டும் 1,43,000-க்கும் மேற்பட்டோர் உதடு மற்றும் வாய்ப் புற்றுநோய்க்கு ஆளாயினர். ஏறத்தாழ 80,000 பேர் இறந்தனர். கல்லீரலிலோ கணையத்திலோ நோய் தோன்றினால் அதைக் காண விலையுயர்ந்த கருவிகள் வேண்டும். வாய்க்கு ஒரு கண்ணாடியும் ஒரு டார்ச் விளக்கும் போதும். அப்படியிருந்தும் பெரும்பாலோர் மூன்றாம் நான்காம் நிலைகளில்தான் மருத்துவமனைக்கு வருகிறார்கள் என்பது எவ்வளவு கொடுமை!

காரணத்தைப் பற்றியும் கொஞ்சம் பேசவேண்டும். நம்மவர்களில் பலர், “நான் புகையிலை போடுவதில்லை, வெறும் பாக்குத்தான்” என்று நிம்மதி கொள்கிறார்கள். புகையிலை சேர்ந்த வெற்றிலை புற்றுநோய் உண்டாக்கும் என்று மேற்சொன்ன முகமை 1985-லேயே அறிவித்தது. புகையிலை சேராத பாக்கும்கூடப் புற்றுநோய் உண்டாக்குவதே என்று 2004-இல் வெளிவந்த அதன் அறிக்கை ஐயத்துக்கு இடமின்றிக் கூறிவிட்டது. சீவலானாலும் கொட்டைப்பாக்கானாலும் களிப்பாக்கானாலும் பாக்கு பாக்குத்தான். வெற்றிலையைப் பாவம் விட்டுவிடலாம்; குற்றவாளிகள் அதற்குள் மடிக்கப்படுபவையே. சுண்ணாம்பு அவ்விரண்டின் சாரத்தையும் விரைவாக வெளிப்படுத்திச் சதைக்குள் இறங்கச் செய்கிறது. மேலைநாட்டாருக்கு இந்நோய் நாவிலும் நாவின் அடியிலும் மிகுதியாக வர, நம் நாட்டினருக்குக் கன்னத்தின் உட்புறத்திலும் ஈறோரத்திலும் மிகுதியாக வருகிறது. இதற்குக் காரணத்தை வேறெங்கும் தேடவேண்டாம்; வெற்றிலையை நாம் அடக்கிவைக்கும் இடம் எது என்று எண்ணிப் பார்த்தாலே போதும்.

பாக்கு மட்டுமே தரும் இன்னொரு துன்பமும் உண்டு. கன்னச் சதை தன் இளக்கத்தை இழந்து நார்நாராக இறுகி, வாய் திறப்பது நாளுக்கு நாள் குறையும். 1952-இல் கென்யாவில் வாழ்ந்த ஐந்து இந்தியப் பெண்களிடம் இதைக் கண்டு முதன்முதலாக ஒரு மருத்துவர் எழுதிவைத்தார். காரணம் இன்னதென்று அப்போது யாருக்கும் தெரியாது. கடல் கடந்து போனபோது அப்பெண்கள் செல்லத்தையும் கொண்டுபோயிருந்தார்கள் என்பது பின்னரே விளங்கியது. இன்று இது பொட்டலப் பாக்கு மெல்லும் இளைஞர்களிடமும் காணப்படுகிறது. நாளடைவில் இவர்களில் சிலருக்குப் புற்றாக மாறுகிறது. புகையிலை கலந்த குட்காவையும் பான் மசாலாவையும் தமிழக அரசு 2013-இல் தடை செய்தது. தடை செய்த பொருள் எந்தச் சந்தில் கிடைக்கும் என்பதைப் பெரியவர்களைவிட மாணவர்கள் நன்கு அறிந்திருக்கிறார்கள் என்று பள்ளிக்கூட ஆசிரியைகள் என்னிடம் வருந்திச் சொல்கிறார்கள். பிள்ளையின் வாய் இறுகுகிறதா என்று அறிய எளிய வழி ஒன்றுண்டு. ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்து முன்பற்களுக்கு நடுவே நுழைக்கச் சொல்லுங்கள். அவரவர் விரல் மூன்றும் அவரவர் வாயில் நுழையவேண்டும். இரண்டே விரல்தான் நுழைகிறது என்றால் பல் மருத்துவரிடம் காட்டுவதைத் தள்ளிப் போடாதீர்கள்.

புகையிலை ஹராமா, மக்ரூஹா என்னும் விவாதத்துக்குள் நான் இங்கு நுழையவில்லை. அதை மார்க்க அறிஞர்களிடம் விட்டுவிடுகிறேன். சதைக்கு அவ்விவாதம் தெரியாது.

மீண்டும் ராத்தாவிடம் வருவோம். மருத்துவரிடம் போகவேண்டும் என்று அன்றே சொன்னேன். அவர் மறுத்த காரணங்களை ஒவ்வொன்றாகச் சொல்ல விரும்புகிறேன். ஏனெனில் நம் வீடுகள்தோறும் இவை ஒலிக்கின்றன.

முதலில், “ஆம்பளை டாக்டர் முன்னாடி வாயைத் திறந்து காட்டணுமா?” என்றார். மருத்துவத் தேவைக்கு மார்க்கம் இடமளித்திருப்பது அவருக்குத் தெரியாததல்ல. ஆயினும் கூச்சம் என்பது சட்டத்துக்கு அப்பாற்பட்டது. நல்லவேளையாக அடுத்த ஊரில் ஒரு பெண் பல் மருத்துவர் இருந்தார். அடுத்து, மகன் சவூதியிலிருந்து வரட்டும் என்றார். அவர் வர ஐந்து மாதம் இருந்தது. அதற்கும் அடுத்து, பேத்தியின் நிக்காஹ் முடியட்டும் என்றார். “கல்யாண வீட்டுல பாட்டிக்குப் புத்துநோய்னு பேச்சு வந்தா மாப்பிள்ளை வீட்டுக்காரங்க என்ன நினைப்பாங்க, ஆலிமா?” இதைக் கேட்டபோது எனக்குக் கோபம் வந்தது என்பதை மறைக்கவில்லை. ஒட்டுவாரொட்டி நோய் அல்ல இது. ஒருவர் தொட்ட தம்ளரில் தண்ணீர் குடிப்பதால் வருவதுமல்ல.

கடைசிக் காரணத்தைத்தான் அவர் உண்மையில் நம்பினார். “கத்தி பட்டா அது உடம்பெல்லாம் பரவிடும். உங்க பெரியம்மாவுக்கு அப்படித்தானே ஆச்சு?” என்றார்.

வரலாறு படித்தவர்களுக்கு ஆசிரியர்கள் சொல்லிக்கொடுக்கும் முதற்பாடம், ஒன்றன் பின் ஒன்று நிகழ்ந்ததாலேயே முன்னது பின்னதற்குக் காரணமாகிவிடாது என்பது. கத்தி பட்ட பிறகு பெரியம்மா இறந்தது உண்மை. ஆனால் பரவிய பிறகுதான் அவர்மீது கத்தி பட்டது. பரவுமுன் கத்தி பட்டவர்கள் பிழைத்து ஊரில் நடமாடுகிறார்கள். அவர்களைப் பார்த்து யாரும் நோயாளி என்று நினைப்பதில்லை, ஆகவே அவர்கள் கணக்கில் சேர்வதில்லை. ராத்தாவிடம் இதையே வேறு சொற்களில், அவருடைய மருமகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இரண்டு மாலைப்பொழுது பேசினேன். மருமகள்தான் முடிவில் ஆட்டோவை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். நான் ஆயிரம் பேசியிருந்தாலும் அந்த ஆட்டோ இல்லாமல் ஒன்றும் நடந்திராது.

பல் மருத்துவர் கண்ணால் மட்டும் பார்க்கவில்லை. உறையணிந்த விரல்களால் அந்த இடத்தைப் பிடித்துப் பார்த்தார். திட்டுக்கு அடியில் சதை கெட்டிப்பட்டிருந்தது. உடனே மாவட்டத் தலைநகரிலுள்ள அரசு மருத்துவமனைக்கு எழுதிக்கொடுத்தார். அங்கே மரத்துப்போக ஊசி போட்டு, அரிசி அளவு சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். எட்டாம் நாள் முடிவு வந்தது. புற்றுநோய்தான், ஆனால் ஒன்றரை சென்டிமீட்டர் அளவு, முதல் நிலை.

நாவின் அந்த ஓரத்தை வெட்டியெடுத்ததோடு, கழுத்திலும் ஒரு பக்கம் திறந்து கணுக்களை நீக்கினார்கள். கழுத்தில் கட்டியே இல்லாதபோது அங்கே ஏன் அறுக்கவேண்டும் என்று குடும்பத்தார் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். கைக்குத் தட்டுப்படாத நுண்ணிய அளவில் நோய் கணுக்களுக்குச் சென்றிருக்கக்கூடும் என்றார் மருத்துவர். மும்பையிலுள்ள டாட்டா நினைவு மருத்துவமனையின் மருத்துவர்கள் 2015-இல் இதைப் பற்றி ஓர் ஆய்வை வெளியிட்டுள்ளனர். தொடக்க நிலையிலிருந்த நோயாளிகளில் ஒரு பாதிப் பேருக்கு நாக்கோடு கழுத்தையும் சேர்த்து அறுவை செய்தனர். மறு பாதிப் பேருக்குக் கட்டி தோன்றினால் பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தனர். மூன்றாண்டுகளுக்குப் பின் முதல் பிரிவில் நூற்றுக்கு 80 பேரும் இரண்டாம் பிரிவில் நூற்றுக்கு 67 பேருமே உயிருடனிருந்தனர். இன்று உலகெங்கும் மருத்துவர்கள் எடுத்துக்காட்டும் ஆய்வு அது.

ராத்தாவின் கணுக்களில் நோய் இல்லை. கதிர்வீச்சு தேவைப்படவில்லை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்ததால் பணத்துக்காக நகையைத் தொடவும் நேரவில்லை. போக்குவரத்தும் சாப்பாடும்தான் செலவு. கழுத்துத் தழும்பைத் துப்பட்டியால் மறைத்துக்கொண்டு பேத்தியின் நிக்காஹில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். பிரியாணியைத்தான் மிக்ஸியில் அரைத்துக் கொடுக்கவேண்டியிருந்தது. “இது பிரியாணியே இல்லை” என்று அவர் சத்தமாகக் குறைப்பட்டது, நாக்கு சரியாக வேலை செய்கிறது என்பதற்குச் சான்றாக அமைந்தது.

மருத்துவம் படிக்காத ஒருவர் பிறர் வாயைப் பார்த்து என்ன செய்துவிட முடியும் என்னும் ஐயம் சிலருக்கு எழலாம். இதற்கு விடை நமக்கு அண்டையிலேயே இருக்கிறது. கேரளத்தில் திருவனந்தபுரம் மாவட்டத்தின் 13 பஞ்சாயத்துகளில், 35 வயது கடந்த 1,90,000-க்கும் மேற்பட்ட மக்களைக் கொண்டு 1996-இல் ஓர் ஆய்வு தொடங்கப்பட்டது. சில பஞ்சாயத்துகளில் பணியாளர்கள் வீடுவீடாகச் சென்று, வெளிச்சத்தில் வாயைத் திறக்கச் செய்து பார்த்தார்கள். ஐயத்துக்குரியவர்களை மருத்துவரிடம் அனுப்பினார்கள். மற்றப் பஞ்சாயத்துகளில் வழக்கமான மருத்துவ வசதி மட்டுமே. 2005-இல் முடிவு வெளியானது. புகையிலையோ மதுவோ பழகியவர்களிடையே வாய்ப்புற்றால் நேரும் மரணம், வாயைப் பார்த்த ஊர்களில் 34 விழுக்காடு குறைந்திருந்தது. வீடுவீடாகச் சென்ற அந்தப் பணியாளர்கள் யார் தெரியுமா? மருத்துவம் சாராத பாடங்களில் பட்டம் பெற்று, அதன்பின் இதற்கெனப் பயிற்சி பெற்றவர்கள். என்னைப் போன்ற கலைப் பட்டதாரிகளுக்கும் பட்டம் ஒருநாள் இப்படிப் பயன்படக்கூடும் என்று படித்தபோது தோன்றியது.

30 வயது கடந்தோருக்கு ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறையேனும் வாயைப் பரிசோதிக்கவேண்டும் என்று 2016-இல் மத்திய அரசு வகுத்த வழிகாட்டு நெறி சொல்கிறது. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் பார்ப்பார்கள். சென்னை அடையாற்றில் புற்றுநோய்க்கென்றே ஒரு நிறுவனம் 1954 முதல் இயங்கிவருகிறது. தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் விடாமுயற்சியால் எழுந்தது அது.

வீட்டில் நாமே பார்ப்பது எவ்வாறு என்பதைச் சொல்லிவிடுகிறேன். பொய்ப்பல் இருந்தால் முதலில் கழற்றிவிடுங்கள். பலர் மறப்பது இதைத்தான், திட்டு ஒளிந்திருப்பதும் பெரும்பாலும் அதற்கு அடியில்தான். வாயைக் கொப்பளித்துவிட்டு வெளிச்சத்தில் கண்ணாடி முன் நில்லுங்கள். உதட்டை வெளிப்பக்கமாக மடித்து உட்புறத்தையும் ஈற்றையும் பாருங்கள். கன்னத்தை விரலால் ஒதுக்கி, கடைவாய்ப் பல் முடியும் இடம் வரை பாருங்கள். வெற்றிலையை எந்தப் பக்கம் அடக்குகிறீர்களோ அந்தப் பக்கத்தை இருமுறை பாருங்கள். நாக்கை நீட்டி மேற்புறத்தைப் பார்ப்பதோடு நில்லாமல், நுனியைச் சுத்தமான துணியால் பிடித்து இழுத்து இரண்டு ஓரங்களையும் பாருங்கள். நாக்கை மேலண்ணத்தில் ஒட்டவைத்தால் அடிப்பகுதி தெரியும். பிறகு விரலால் கன்னத்தையும் நாக்கோரத்தையும் தடவி, கெட்டியாக ஏதும் தட்டுப்படுகிறதா என்று பாருங்கள். தாடைக்குக் கீழும் கழுத்தின் இருபுறமும் தடவிப் பாருங்கள். வெள்ளை, சிவப்பு, ஆறாத புண், தடிப்பு, காரணமின்றி ஆடும் பல், மரத்துப்போன உதடு, விழுங்கும்போது ஏதோ சிக்கியது போன்ற உணர்வு ஆகிய இவற்றில் எதுவும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். இத்தனைக்கும் மூன்று நிமிடம் போதும். நாள் மறந்துவிடும் என்பவர்களுக்கு ஒரு யோசனை: ஒவ்வொரு மாதமும் பிறை ஒன்றில் பாருங்கள். எங்கள் வகுப்பில் அப்படித்தான் வைத்துக்கொண்டிருக்கிறோம்.

ஆம், எங்கள் வகுப்பிலும் இது நடைபெறுகிறது. ராத்தா அறுவைக்குப் பின் திரும்பி வந்த மாதத்தில், அந்தப் பெண் பல் மருத்துவரையே மத்ரஸாவுக்கு அழைத்தோம். ஒரு நாற்காலி, ஒரு டார்ச் விளக்கு. மூத்தவர்கள் பதினான்கு பேரும், சமையற்கட்டில் வேலை செய்யும் இருவரும் வரிசையாக உட்கார்ந்தார்கள். நானும்தான். பிறர் வாயையே பார்த்துவந்த என் வாயை ஒருவர் பார்த்தது எனக்குப் புதுமையாக இருந்தது. இருவருக்கு வெண்திட்டு இருந்தது. ஒருவருக்கு அது பொய்ப்பல் உரசியதால் வந்த தடிப்பு; பல்லைச் சரிசெய்த மூன்று வாரத்தில் மறைந்துவிட்டது. இன்னொருவருக்கு, வகுப்பிலேயே மூத்தவரான எழுபத்தொரு வயது நன்னிக்கு, வலக் கன்னத்தில் உள்ளது மறையவில்லை. சதை எடுத்துச் சோதித்ததில் புற்றில்லை. ஆனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை காட்டவேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். புகையிலையை விட உதவும் கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1800-11-2356-ஐ அவருடைய பேரன் சுவரில் எழுதிவைத்திருக்கிறான். நன்னி புகையிலையை விட்டுவிட்டார். பாக்கை இன்னும் விடவில்லை. செல்லத்தை மருமகளிடம் கொடுத்துப் பூட்டிவைக்கச் சொல்லிவிட்டு, சாவியைத் தாமே வைத்துக்கொண்டிருக்கிறார். அடுத்த பரிசோதனைக்கு அவரை அழைத்துச் செல்லும் முறை ராத்தாவுடையது.